ராசாத்தி கட்டிய கக்கூஸ்

வெள்ளைக்காரர்கள் வருகிற வண்டியைப் பார்த்தாலே ராசாத்திக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். வந்து நிற்பார்கள். ஐயனார் தோப்பில் வரிசை கட்டி நிற்கிற மண்குதிரைகளைச் சட்சட்டென்று போட்டோ எடுப்பார்கள். ரோட்டில் போகிற பிள்ளைகளுக்குக் கையாட்டுவார்கள். ஏறுவார்கள், போயே போய்விடுவார்கள். சேங்கைப்பட்டிக்கு அதில் என்ன லாபம்? புழுதிதான் லாபம்!

திருச்சியில் தூங்கி எழுந்து, நார்த்தாமலையில் மலைமேல் இருக்கிற பழைய கோயிலைப் பார்த்துவிட்டு, திருமயம் கோட்டை வழியாகக் காரைக்குடிப் பக்கம் போகிற வண்டிகள் அவை. சாப்பாடு அங்கே, படுக்கை அங்கே, சேலை துணிமணி வாங்குவதும் அங்கே. நடுவில் கிடக்கிற நம் ஊர்களுக்கு வேடிக்கை காட்டுகிற வேலை மட்டும். மழை மேகம் தலைக்கு மேலேயே போய் அடுத்த சீமையில் கொட்டினால் வயிறு எரியுமா எரியாதா? ராசாத்திக்கு எரிந்தது. தோப்புக்கு எதிரே இளநீர்க் கடை போட்டிருந்தவள் அவள்தான். பக்கத்தில் ஒரு டீ அடுப்பும் உண்டு. வண்டி நின்றதும் ஒரு காயைச் சீவி நீட்டுவாள். அவர்கள் காயை ஆசை ஆசையாகப் பார்ப்பார்கள். பிறகு தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள்.

"என்ன கேடு இவளுகளுக்கு? தாகம் நாக்கைத் தள்ளுது, எளநி மட்டும் வேணாமாம்!" என்று அருவாளைக் கட்டையில் கொத்தி நிறுத்துவாள்.

ஒரு கார்த்திகை மாதத்து மத்தியானத்தில் அதற்கு விடை கிடைத்தது. வண்டியிலிருந்து இறங்கிய வயசான வெள்ளைக்காரம்மா ஒருத்தி குதிரைப் பக்கமே போகவில்லை. கடைக்குப் பின்னால் வந்து கருவேலங்காட்டை எட்டிப் பார்த்தாள். அங்கே ஆடு மேய்க்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்தாள். முகம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாஷை எதற்கு? அந்த முகத்தை ராசாத்திக்குத் தெரியும். புதுக்கோட்டைக்கு ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று பஸ் ஏறுகிற நாளெல்லாம் அவளுடைய முகமும் அதுதான். முதல் நாள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவாள். இந்த ஊர்ப் பொம்பளைகள் எல்லாருமே அப்படித்தான் பஸ் ஏறுவார்கள்.

வண்டி ஓட்டி வந்த இன்னாசியிடம் கேட்டாள். திருச்சிக்காரர், நல்ல மனுசர்.

"இதுக்குத்தான் தங்கச்சி நான் எங்கயும் ரொம்ப நேரம் நிக்கிறதில்ல. பாவம், காலையில ஏறுனா ஓட்டல் போய்ச் சேர்ற வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டாங்க. குடிச்சா போகணும்ல? எங்க போறது?"

"அட கடவுளே! நான் காய் சரியில்லைன்னுல்ல நெனச்சேன்!" என்றாள் ராசாத்தி. கொஞ்ச நேரம் அந்தம்மாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, நான் ஒரு கக்கூஸ் கட்டுனா நீங்க நின்னு போவீங்களா?"

இன்னாசி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார். "சுத்தமா இருந்தா நான் நிப்பேன். நான் நின்னா இன்னும் நாலு டிரைவர் நிப்பான். எந்த எடத்துல நிக்கிறதுன்னு கம்பெனியா வந்து பாக்குது? எல்லாம் ஸ்டியரிங் கையிலதான் இருக்கு."

அவ்வளவுதான். அவள் தலைக்குள் ஒன்று புகுந்துவிட்டால் பிறகு ஐயனாரே வந்தாலும் இறக்க முடியாது.

அந்த நேரம் அவள் புருஷன் ரத்தினவேல் துபாயிலிருந்து வந்து வீட்டில் இருந்தான். இடுப்பு வலி என்று வந்தவன். புதுக்கோட்டை ஏஜெண்டு நாள் தவறாமல் போன் பண்ணிக்கொண்டிருந்தான், அடுத்த விசா ரெடி, எப்போது ஏறுகிறீர்கள் என்று. மகள் வைஷ்ணவி அப்பா முகத்தைப் போனிலேயே பார்த்து வளர்ந்து, இப்போது காலேஜுக்கும் போய்விட்டாள். அவன் இன்னொரு தடவை ஏறினால் திரும்பி வருவது இடுப்பு ஒடிந்த கிழவனாகத்தான் என்று ராசாத்திக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவன் போகக் கூடாது.

"ஏங்க, அடுத்தவங்க ஊருக்கு நீங்க போயிப் பொழச்சது போதும். ஒலகமே நம்ம வாசலுக்கு வருது. அதை நிப்பாட்டுவோம்" என்றாள்.

"என்னத்தக் காட்டி நிப்பாட்டுவ?"

சொன்னாள். அவன் முகம் கறுத்தது.

"வேற என்ன வேணா கட்டு. அது மட்டும் வேணாம்."

ஏன் வேண்டாம் என்பது ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஊருக்கு ரத்தினவேல் துபாயில் சூப்பர்வைசர். சென்ட் அடித்துக்கொண்டு வந்து இறங்குகிற சூப்பர்வைசர். உண்மையில் அவன் அங்கே ஒரு பெரிய கடைக்கட்டடத்தில் வாளியும் மாப்புமாகக் கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தான். முதல் தடவை லீவில் வந்தபோது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அவளிடம் சொன்னான். உழைக்கிற கைக்கு அதில் என்ன குறைச்சல் என்று நீங்கள் கேட்கலாம். அந்த வேலைக்கென்றே ஒரு தெருவை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்து, அவர்கள் கையால் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் இருந்த ஊர் இது. வெட்கமில்லாமல் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்ளும். அந்த ஊரில் பிறந்தவன் எந்த வாயால் சொல்லுவான்?

ராசாத்திக்கும் பொறுமை போய்விட்டது. "கடல் தாண்டிப் போயிக் கழுவுனா சம்பளம், நம்ம வாசல்ல கழுவுனா கேவலமா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சொன்னது சொன்னதுதான், வாபஸ் வாங்குகிற ஜாதி இல்லை அவள். பொழுது சாய அவன் திரும்பி வந்தான். "மாசியில ஐயனாருக்குப் புரவியெடுப்பு முடியிற வரைக்கும் பாக்குறேன். வண்டிக நிக்கலேன்னா மறுநாளே ஏறிருவேன். பெறகு என்னைத் தடுக்கக் கூடாது" என்றான்.

"சரி" என்றாள்.

மாடியில் ஒரு ரூம் எடுக்கலாம் என்று வாங்கி அடுக்கியிருந்த செங்கல் அப்படியே கிடந்தது. அது போதும். கடைக்குப் பின்னால் கட்டக் கொத்தனாரைக் கூப்பிட்டாள். உட்காருகிற மாதிரி கக்கூஸ்தான் வேண்டும், கிழவிகளுக்கு முட்டி மடங்காது என்று இன்னாசி சொல்லியிருந்தார். புதுக்கோட்டைக்குப் போய் வெள்ளை வெளேர் என்று ஒன்றை வாங்கி, மினி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "இதுக்கும் டிக்கெட்டு போடவா?" என்று கண்டக்டர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. "போடுங்க, எங்க வீட்டு விருந்தாளிதான்" என்றாள் ராசாத்தி.

சுவர் இடுப்பளவு எழும்பியதும் பெரியண்ணன் என்கிற ஊர்ப் பெரியவர் வந்தார். ரத்தினவேலுக்குச் சித்தப்பா முறை, கோயில் காரியம் எல்லாம் அவர் சொல்படிதான். புரவியெடுப்பு அன்றைக்கு மண்பாண்டம் செய்கிற வேளார் செய்த புதுக் குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் அந்த வழியாகத்தான் தோப்புக்கு வரும்.

"சாமி வர்ற பாதையில கக்கூஸ் கட்டுறியாத்தா? ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

"மாமா, சாமிய பாக்கத்தானே அவுக வாராக. வந்தவுக வாயைக் கட்டி வயித்தைக் கட்டிப் போறது மட்டும் சாமிக்கு நல்லாருக்கா?"

பேச்சு நீண்டது. கடைசியில் மூன்று கட்டளை போட்டார் மனுசர். வாசல் ரோட்டைப் பார்க்கக் கூடாது. போர்டு கீர்டு வைக்கக் கூடாது. புரவியெடுப்பு அன்றைக்குப் பூட்டி வைக்க வேண்டும். ராசாத்தி பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். முதலில் கட்டிடம் எழும்பட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

தை பிறந்ததும் வேலை முடிந்தது. புது வீடு என்றால் நாம் என்ன செய்வோமோ அதையெல்லாம் செய்தாள். நிலைக்கு மஞ்சள் குங்குமம், மேலே மாவிலைத் தோரணம், வாசலில் படிக்கோலம், வாடைக்கு ஒரு கட்டு ஊதுபத்தி. தரையைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, கதவைச் சாத்தி வைத்தாள். இன்னாசி வண்டியை நிறுத்தி, பின்பக்கம் பின்பக்கம் என்று கையைக் காட்டி அனுப்பினார். ராசாத்தி அருவாளும் இளநீருமாகத் தயாராக நின்றாள்.

பின்பக்கம் போனவர்கள் கதவைப் பார்த்தார்கள். குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? செருப்பைக் கழற்றினார்கள்! ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். ஒருத்தி அரளிப்பூ ஒன்றைப் பறித்துப் படியில் வைத்தாள். நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, போன முகத்தோடேயே திரும்பி வந்து வண்டியில் ஏறிவிட்டார்கள். கதவை ஒருத்தரும் தொடவே இல்லை.

"ஐயோ, கும்பிட்டுட்டுப் போறாளுகளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ராசாத்தி.

ஊருக்கு அது போதாதா? கக்கூஸ் அம்மனுக்கு எப்போது காப்புக் கட்டு, பொங்கல் உண்டா, கெடா வெட்டு உண்டா என்று டீ குடிக்க வருகிறவன் எல்லாம் கேட்டான். ராசாத்தி அழுதாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் நின்று நன்றாகவே அழுதாள்.

ரத்தினவேலுக்கு விஷயம் போனது. வந்து பார்த்தான். தோரணத்தைப் பார்த்தான், ஊதுபத்தியைப் பார்த்தான். முதலில் உதடு துடித்தது, பிறகு வெடித்துச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தான். ஊருக்கு வந்ததிலிருந்து அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அழுகையை விட்டுவிட்டு அவளும் சிரித்தாள்.

"கிறுக்கி, தோரணத்தை அவுரு. ஊதுபத்தியத் தூக்கி எறி. கதவைத் தெறந்து வையி, உள்ள என்ன இருக்குன்னு தூரத்துலயே தெரியணும். இம்புட்டுத் தண்ணிய ஏன் ஊத்தி வச்சிருக்க?"

"கழுவி விட்டேன்."

"நமக்கு ஈரமா இருந்தாச் சுத்தம். அவங்களுக்குக் காஞ்சு கெடந்தாத்தான் சுத்தம். ஈரத்தைப் பாத்தா உள்ள காலே வைக்க மாட்டாங்க."

கதவில் பை மாட்ட ஒரு கொக்கி, ஒரு கண்ணாடி, சோப்பு, பேப்பர் சுருள் என்று அவனே எல்லாம் வாங்கி வந்து மாட்டினான். ஆனால் மாப்பை மட்டும் தொட மாட்டான். ரோட்டில் ஒரு சைக்கிள் மணி கேட்டால் போதும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பான். கழுவித் துடைப்பது ராசாத்திதான்.

அடுத்த வண்டி வந்தது. போனார்கள், கதவைச் சாத்தினார்கள், திரும்பி வந்தார்கள். அடேயப்பா, அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் நிதானமாக நின்று இளநீர் கேட்டார்கள். ஒன்று குடித்தவர்கள் இன்னொன்று கேட்டார்கள். டீ குடித்தார்கள். பக்கத்து வீட்டுப் பிரகதீஸ்வரி கடலை அவித்துக் கூடையில் கொண்டுவந்தாள், கூடை காலி. தோப்புக்குள் கூட்டிப்போய்க் கதை சொல்ல இங்கிலீஷ் தெரிந்த ஊர்ப் பையன் ஒருத்தன் வந்தான். தென்னை வைத்திருந்தவர்கள் காயை லாரிக்காரனிடம் போடாமல் ராசாத்தியிடம் போட்டார்கள். வண்டி அரை மணி நேரம் கூட நின்றால் ஒரு ஊரின் அடுப்பு எத்தனை எரியும் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. கேலி பேசின வாய்கள் கொஞ்சம் அடங்கின.

ஆனால் அது இன்னாசியும் அவருடைய கூட்டாளிகளும் காட்டிய தயவு. மாசி பிறந்ததும் இன்னாசி வந்து சொன்னார்: "தங்கச்சி, ஒங்க புரவியெடுப்பு பாக்க எங்க கம்பெனி மூணு வண்டி அனுப்புது. கம்பெனி அம்மாவும் கூட வாராங்க. இந்த எடம் பிடிச்சுப் போச்சுன்னா அடுத்த சீசன்லேருந்து எல்லா வண்டியும் இங்க நிக்கணும்னு அவங்களே போட்டுருவாங்க. பிடிக்கலேன்னா, அப்பறம் எங்களாலயும் நிக்க முடியாது."

என்றைக்கு? எந்த நாளில் பூட்டி வைப்பதாக வாக்குக் கொடுத்தாளோ அன்றைக்கு. கேட்டுக்கொண்டிருந்த ரத்தினவேல் எழுந்து வீட்டுக்குள் போனான். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுகிற சத்தம் உள்ளேயிருந்து வந்தது. ராசாத்திக்கு அந்தச் சத்தம் நெஞ்சில் விழுந்தது. பெரியண்ணனைத் தேடிப் போய்க் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டுப் பார்த்தாள். மனுசர் அசைந்து கொடுக்கவில்லை.

புரவியெடுப்பு அன்று ஒன்பது ஊர்க் கூட்டம் தோப்பை நெரித்தது. விடிந்ததிலிருந்து பொம்பளைகள் மாவிளக்குத் தட்டோடு வெயிலில் நின்றார்கள். மூன்று வண்டியும் வந்தன. கம்பெனி அம்மா, கண்ணாடி போட்டவர், கூட்டத்தையும் தோப்பையும் பார்த்துக்கொண்டே இறங்கினார். ராசாத்தி இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு, பூட்டின கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். வாக்குத் தவறக் கூடாது என்று ஒரு மனசு. வீட்டில் தூசி தட்டின பெட்டி கிடக்கிறதே என்று ஒரு மனசு.

தூரத்தில் கொட்டுச் சத்தம் நெருங்கி வந்தது. முதல் குதிரையைச் சுமந்த முன்தடியில் பெரியண்ணன் தோள் கொடுத்து வந்தார். அப்போது கைத்தடி ஊன்றிய வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி பின்பக்கம் வந்து பூட்டைப் பார்த்தாள். ராசாத்தியைப் பார்த்தாள். கார்த்திகையில் பார்த்த அதே முகம்.

"போதும்டா சாமி!" என்றாள் ராசாத்தி வாய்விட்டு. "நான் வாக்குக் குடுத்தது மாமாவுக்குத்தான், ஐயனாருக்கு இல்ல. அவருக்குக் கண்ணு இருக்கு, அவரு பாத்துக்குவாரு." சாவியை உருவிப் பூட்டைத் திறந்து கதவை விரியத் தள்ளினாள்.

பெரியண்ணன் பார்த்துவிட்டார். ஆனால் என்ன செய்ய? ஊர் எல்லைக்குள் நுழைந்த குதிரை தோப்பில்தான் தரையைத் தொட வேண்டும், நடுவில் இறக்கினால் குற்றம். ஆள் மாற்றவும் கூடாது. தடிக்கு அடியில் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தினார். "ஏய் ராசாத்தி! பூட்டுடி அத! சொன்ன சொல்லு எங்கடி போச்சு?"

பதில் அவளிடமிருந்து வரவில்லை. மாவிளக்குத் தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது அழகம்மாள். பெரியண்ணனின் சம்சாரம், சர்க்கரை வியாதிக்காரி.

"நீங்க பேசாம சாமியத் தூக்கிக்கிட்டுப் போங்க! விடிஞ்சதுலேருந்து அடக்கிக்கிட்டு நிக்கிறேன். வருசா வருசம் நிக்கிறேன். ஒருநா கேட்டீகளா?" என்று புருஷனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வெள்ளைக்காரக் கிழவி வெளியே வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு கேட்கவா வேண்டும்? மாவிளக்குத் தட்டெல்லாம் கை மாறியது. ஒன்பது ஊர்ப் பொம்பளைகளும் வெள்ளைக்காரிகளும் ஒரே வரிசையில் நின்றார்கள். கம்பெனி அம்மாவும் அந்த வரிசையில்தான் நின்றார்.

அவ்வளவு கூட்டத்துக்கு ஒரு கக்கூஸ் தாங்குமா? கொஞ்ச நேரத்தில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் பொங்கி வாசல் வரை வந்தது. வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது. கம்பெனி அம்மா கைக்குட்டையை எடுத்தார். ராசாத்தி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், குச்சியை எங்கே விட்டுக் குத்துவது என்று தெரியவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"தள்ளு."

ரத்தினவேல். திருவிழாவுக்கு உடுத்தியிருந்த பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். அவள் கையிலிருந்த வாளியை வாங்கினான். ஒன்பது ஊர் பார்க்க உள்ளே இறங்கினான். அடைப்பை எடுத்தான், தண்ணீரை வாரினான், தேய்த்தான், மாப்பைப் பிழிந்து பிழிந்து தரையை ஒற்றி எடுத்தான். ஒரு அசைவு வீண் இல்லை. எத்தனையோ வருசம் பழகின கை அது என்று குழந்தைக்கும் தெரியும்.

குதிரை நேரே வந்துவிட்டது. பெரியண்ணனுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. "டேய் ரத்தினவேலு! நீ சூப்பர்வைசர்டா! ஒனக்கு ஏன்டா இந்த வேல?"

ரத்தினவேல் நிமிர்ந்தான்.

"அங்கயும் இதே வேலதான் சித்தப்பா" என்றான், கொட்டுச் சத்தத்துக்கு மேலே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நான் அனுப்புன காசுலதான் போன கும்பாபிசேகத்துக்கு மணி வாங்குனீக. மணி நல்லாத்தானே அடிக்குது?"

பெரியண்ணன் நின்று பேச முடியுமா? தோளில் ஐயனார் குதிரை. பின்னால் வருகிறவர்கள் தள்ள, நடந்து போய்விட்டார்.

ரத்தினவேல் கடைசியாக ஒரு தடவை தரையைத் துடைத்துவிட்டு வெளியே வந்தான். மாப்பைச் சுவரில் சாய்த்து, ஒதுங்கி நின்று, கதவைத் திறந்து பிடித்து, வரிசையில் முதலில் நின்ற கம்பெனி அம்மாவைப் பார்த்து "ப்ளீஸ் மேடம்" என்றான். அங்கே அத்தனை வருசம் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன வார்த்தை. இன்றைக்குத் தலை குனியவில்லை. ராசாத்திக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. ஏஜெண்டு.

"நீயே எடு புள்ள, கை ஈரமா இருக்கு" என்றான்.

ராசாத்தி போனை எடுத்துக் காதில் வைத்தாள். "அவரு வர மாட்டாருங்க. இங்க வேல கெடக்கு" என்று சொல்லி, வைத்துவிட்டு, அடுத்த காயைச் சீவப் போனாள்.